இரு கால் கொண்ட கோயில்

மட்டக்களப்பில் பிரெஞ்சுக் குருமார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புனித மிக்கேல் கல்லூரிதான். 1895இல் பிரான்சின் சம்பாஞ் மாகாண இயேசு சபையினர் கிழக்கிலங்கைக்கு வந்த கதையை நேயர்கள் பலரும் அறிவீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டது அதே சபையின் துலூஸ் மாகாணத்தார் தமிழகத்தில், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடிக் கிராமமொன்றில் எழுப்பிய தேவாலயத்தை. ஊரின் பெயர் வடக்கன்குளம்.

பழைய கிறிஸ்தவ ஊர் அது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டபிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அங்கேதான். 1752இல் ஆரல்வாய்மொழியருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022இல் ரோமாபுரி புனிதராக அறிவித்தது. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, பின்பு உயிர்பெற்று, 1838இல் பிரெஞ்சுக் குருமார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். வந்தவர்களுக்குக் காத்திருந்தது ஒரு பழைய வழக்கு. வேளாளரும் நாடாரும் ஒரே கோயிலுக்குள் எப்படி நிற்பது?

1872இல் அவர்கள் எழுப்பிய திருக்குடும்ப ஆலயம் இதற்குச் சொன்ன விடை விசித்திரமானது. ஐரோப்பியத் தேவாலயம் பொதுவாகச் சிலுவை வடிவில் அமையும். நீண்ட நடுக்கூடம், அதன் தலைப்பில் பலிபீடம், இரு பக்கமும் விரியும் கைகள். வடக்கன்குளத்திலோ நடுக்கூடமே இரண்டு! ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு நீண்ட மண்டபங்கள் பலிபீடத்தருகே வந்து கூடுகின்றன. ஒரு மண்டபம் வேளாளர் முதலியோருக்கு, மற்றது நாடார் முதலியோருக்கு. வாசலும் வேறு வேறு. பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் காணலாம், ஒருவரையொருவர் காணவேண்டியதில்லை. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலிருக்கும் என்று அதற்குக் 'கால்சட்டைக் கோயில்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கேலிப் பெயர்தான், ஆனால் கட்டடக்கலை நூல்களிலுள்ள எந்த வருணனையையும்விட அது பொருத்தமானது.

கட்டிய குருமாரைச் சும்மா குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. திருநெல்வேலியில் புரட்டஸ்தாந்த மிஷன்கள் பலமாக வேரூன்றியிருந்த காலம் அது. மனம் கசந்த ஒரு கூட்டம் அடுத்த கோயிலுக்குப் போய்விட அதிக நேரம் பிடிக்காது. இருந்தாலும் தற்காலிகச் சமாதானமென்று நினைத்ததைச் சுண்ணாம்பும் கல்லும் கொண்டு நிரந்தரமாக்கியது பெரும் பிழையென்றே நான் கருதுகிறேன். வாய்ப்பேச்சில் இருக்கும் வழக்கத்தை ஒரு தலைமுறை மறந்துவிடலாம். சுவர் மறக்கவிடாது.

அதுவும் முன்மாதிரி இல்லாமல் செய்த பிழையல்ல. புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிக்கிறிஸ்தவரையும் பறையரையும் பிரித்து நின்ற சுவர் 1745இலேயே இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆம், நீலகண்டபிள்ளை தேவசகாயம் ஆன அதே ஆண்டுதான்.

நம் பக்கத்திற்கு வருவோம். வெல்லாவெளியிலிருந்து மண்டூர் வெகு தொலைவில்லை. அந்த முருகன் கோயிலிலும் சரி, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரத்திலும் சரி, எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு, முன்னீடு யாருக்கு முதலில் என்பதெல்லாம் வரன்முறையாக வகுக்கப்பட்டவை. அங்கே யாரும் இரட்டை மண்டபம் கட்டவில்லை. தேவைப்படவில்லை என்பதே காரணம். யார் எங்கே நிற்பதென்பது நிற்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது. வடக்கன்குளத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மண்டூரை எண்ணியதும் அது அடங்கிவிட்டது.

1910இல் வடக்கன்குளத்தில் பங்குக் குருவாயிருந்த கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை அகற்றச் செய்தார். இவரும் பிரெஞ்சுக்காரரே, பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவர். பிரெஞ்சுக்காரர் கட்டியதைப் பிரெஞ்சுக்காரரே இடித்தார். வேளாளர் தரப்பு பொறுக்கவில்லை. தனியிடம் எமது உரிமை என்று ஆயர் மீது வழக்குத் தொடுத்தார்கள். திருநெல்வேலி நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கோரும் உரிமை எவருக்கும் இல்லையென்று தீர்ப்பாகி, வழக்காடியவர்கள் தோற்றார்கள்.