மச்சினன் (கண்டி வழக்கில் மஸ்ஸினா)

மாமன் மகன், அத்தை மகன், மனைவியின் உடன்பிறந்தான், அக்காள் தங்கையின் கணவன் ஆகிய எல்லாரையும் சுட்டும் உறவுமுறைச் சொல். கண்டி வட்டாரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மச்சான் என்பார்கள். சிங்களவர் மஸ்ஸினா என்பார்கள்.

சொல்லின் வேர் வடமொழியின் 'மைதுன'. மராத்தியில் அது மேஹுணா ஆயிற்று, தமிழில் மைத்துனன். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் கண்ணனே மைத்துனனாக வந்து கைப்பிடிக்கிறான். 'வைத்து' பேச்சில் 'வச்சு' ஆனதைப்போல மைத்துனன் மச்சினன் ஆனான். சிங்கள மஸ்ஸினா இதிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

சிங்களம் வட இந்திய மொழிகளுக்கு இனமானது. ஆனால் அதன் உறவுமுறை தென்னிந்தியருடையது. சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள் உடன்பிறந்தார். மாமன் அத்தை பிள்ளைகளோ கொண்டு கொடுக்கத் தக்கவர்கள். மானிடவியலாளர் நூர் யால்மன் கண்டி மலைநாட்டுக் கிராமங்களில் 1950களில் தங்கி ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட நூல் இந்த அமைப்பை விரித்துக் காட்டுகிறது. ஒரு சொல் தனியே கடன் போனதாக இதைப் பார்ப்பது போதாது. அந்தச் சொல்லுக்கு உரிய இடம் இரு சமூகத்து வீடுகளிலும் ஏற்கெனவே இருந்தது.

கண்டி அரியணையே இந்த உறவின் வழியாகக் கைமாறியது. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசியிடம் பிள்ளையின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அந்த அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முடிசூடினான். 1747இல் அவனும் வாரிசின்றி இறக்க, அவன் மனைவியின் உடன்பிறந்தான் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரசனானான். அடுத்தடுத்து இருமுறை அரசனின் மைத்துனனே அரசன்! மதுரையிலிருந்து வந்த இந்த நாயக்கர் வழியினரின் ஆட்சியை வெறும் அந்நியப் புகுதலாக எழுதுவோர் இந்த உறவுக் கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள். மைத்துனனை அயலானாக எண்ணாத குடும்ப வழக்கம்தான் அந்த வாரிசுரிமைக்கு இடம் தந்தது.

ஆங்கிலேயர் அதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி உடன்படிக்கை, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இரத்த உறவினரோடு மணவழி உறவினரான ஆண்களையும் பகைவர் என அறிவித்து, அனுமதியின்றி கண்டி மாகாணங்களில் நுழையத் தடை விதித்தது. அரசன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தான்.

உறவுச் சொல் வீட்டைத் தாண்டிப் பரவுவது வேறிடங்களிலும் உண்டு. பழைய அயர்லாந்து மொழியில் 'பிராதிர்' என்னும் சகோதரச் சொல் சுற்றத்தாருக்கும் பரவியதால், கூடப் பிறந்தவனைக் குறிக்க 'மெய்யான' என்ற பொருளுள்ள முன்னொட்டைச் சேர்க்கவேண்டி வந்தது. கண்டியில் மச்சானுக்கு அந்த நெருக்கடி நேரவில்லை. சிங்கள இளைஞர் நண்பனை 'மச்சாங்' என்று கூப்பிடுகிறார்கள். அக்காளின் கணவனோ வீட்டில் இன்றும் மஸ்ஸினாதான்.