சாளரம் வைத்த சில்லுகள்



பழைய கணினியைத் திறந்து பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். மற்றச் சில்லுகள் எல்லாம் கறுத்து மூடிக் கிடக்க, ஒன்றிரண்டின் முதுகில் மட்டும் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன்மேல் பெரும்பாலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும். உரித்துப் பார்க்கக் கை துடிக்கும், உரிக்க வேண்டா. அதுதான் ஈப்ரோம், அதாவது அழித்து மீண்டும் எழுதத்தக்க நிலைநினைவகம். அந்தத் தாள் அதன் நினைவுக்குக் காவல்.

இச்சில்லை உருவாக்கியவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய டோவ் ஃபுரோமன். நினைவகச் சில்லொன்றில் தோன்றிய பழுதை ஆராயும்பொழுது, மின்னேற்றம் வேண்டாத இடத்தில் சென்று தங்குவதைக் கண்டார். தங்குவது பழுதானால், வேண்டுமென்றே தங்கவைத்தால் அது நினைவாகாதோ என்று எண்ணினார். நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த ஒரு தீவில், உயர் மின்னழுத்தத்தால் மின்னணுக்களைத் தள்ளி அடைத்தார். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேறவில்லை. புற ஊதாக்கதிர் பட்டால் மட்டும் ஆற்றல் பெற்றுத் தப்பின. சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால் சாளரத்துக்குப் படிகக்கல் வேண்டியதாயிற்று. 1971இல் 1702 என்னும் சில்லு வெளிவந்தது. அதன் கொள்ளளவு 256 பைட்டுகள். இக்கட்டுரையின் ஒரு பத்திகூட அதில் அடங்காது.

ஆயினும் அதன் பயன் பெரிது. அதுவரை நிரலை நிலையாகப் பதிக்க வேண்டுமானால் ஆலைக்கு எழுதிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓரிடம் பிழையானால் சில்லுகள் அனைத்தும் குப்பைக்குப் போகும். ஈப்ரோம் வந்தபின் பொறியாளர் தம் மேசையிலேயே எழுதி, சோதித்து, அழித்து, மறுபடியும் எழுதினார். அதே ஆண்டில் வந்த நுண்செயலிக்கு நிகரான முக்கியத்துவம் இதற்கும் உண்டென்று கார்டன் மூர் கருதியது சரியென்றே எனக்கும் படுகிறது. ஆசிரியர் என்ற முறையில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி: இத்தனை பெரிய கண்டுபிடிப்பை முடித்த ஃபுரோமன், இன்டெல்லை விட்டுக் கானா நாட்டின் குமாசி நகருக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1973இல்தான் திரும்பினார்.

நம் நாட்டுக்கும் இக்கதையில் இடமுண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் அமைத்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து சில்லுகளைப் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பழஞ்சில்லுகளில் 'மலேசியா' என்னும் பெயர் பொறித்திருப்பதைப் பார்க்கும்போது அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இனி எழுதுகருவிக்கு வருவோம். சந்தையில் இதனைப் புரோகிராமர் என்பர். சில்லைப் பூட்டும் ஒரு சாக்கெட், உயர் மின்னழுத்தம் தரும் ஒரு சுற்று, கணினியோடு பேசும் ஒரு வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. எதை வாங்குவது என்று கேட்போர்க்கு விலையையும் வேகத்தையும் நான் முதலில் சொல்வதில்லை. கையிலுள்ள சில்லு எந்தக் காலத்தது என்றுதான் கேட்பேன். ஏனெனில் ஈப்ரோமின் வரலாறு முழுவதும் மின்னழுத்தம் இறங்கி வந்த வரலாறு.

1702க்கு எழுத நாற்பது வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 2708 என்னும் ஒரு கிலோபைட்டுச் சில்லு இயங்கவே +5, -5, +12 என மூவகை மின்சாரம் கேட்கும். அடுத்து வந்த 2716 ஐந்து வோல்ட்டில் இயங்கி, எழுதும்போது மட்டும் 25 வோல்ட் கேட்டது. 2764 வந்தபோது அது 21 ஆகி, 2764ஏ வந்தபோது 12.5 ஆகிவிட்டது. பின்வந்த 27256, 27512 ஆகியவையும் 12.5தான்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். 2732க்கு 25 வோல்ட். 2732ஏ என்பதற்கு 21 வோல்ட். தோற்றத்தில் இரட்டையர். அந்த 'ஏ'யைப் பாராமல் 25 வோல்ட் கொடுத்தால் சில்லு இறந்துபோகும். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று லகர, ளகர, ழகரங்களை வைத்து வகுப்பில் நாள்தோறும் சொல்கிறோம். இங்கே பொருளே போய்விடுகிறது. இதைவிடக் குழப்பம் தருவது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்2716. எண் ஒன்றாயினும் அது மூவகை மின்சாரம் கேட்கும் பழைய இனம். இன்டெல்லின் 2716க்கு ஒப்பான அந்நிறுவனச் சில்லின் பெயர் டிஎம்எஸ்2516.

1970களிலும் 80களிலும் எழுதுகருவி என்றால் ரெட்மண்ட் நகரத்து டேட்டா ஐ/ஓ நிறுவனத்தின் பெயரே முன்னிற்கும். அதன் மாடல் 29 போன்ற பெட்டிகள் பழஞ்சில்லுகளின் மின்னழுத்தங்களை இயல்பாகத் தருவதால், பழுதுபார்ப்போர் சிலர் அவற்றை இன்றும் பேணி வைத்துள்ளனர். பின்னர்க் கணினியின் அச்சுப்பொறித் துளையில் செருகும் வில்லெம் வகைக் கருவிகள் மலிவாக வந்தன. அத்துளையே புதிய கணினிகளில் மறைந்துபோனதால் அவற்றுக்கு மவுசு குறைந்தது. 2010களில் யுஎஸ்பியில் இயங்கும் சீனத்து டிஎல்866 வந்து விருப்பத்தொழிலாளர்களின் மேசையைப் பிடித்தது. ஆனால் புதியது என்பதாலேயே பழையதற்கு ஏற்றது ஆகிவிடாது. டிஎல்866ஏ 21 வோல்ட் வரை தரும். அதன் பின்வந்த டிஎல்866-2 பிளஸ் 18 வோல்ட்டோடு நின்றுவிடும். அதற்கும் பின்வந்த டி48 மறுபடியும் 25 வோல்ட்டை எட்டியது. 2708 இவற்றுக்கு அப்பாற்பட்டது. அதற்குத் தனிச்சுற்று அமைத்தாக வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 2716இல் ஒரு பைட்டுக்கு 50 மில்லிவினாடி வீதம் முழுவதையும் எழுத ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதே முறையில் 27256ஐ எழுதினால் 27 நிமிடம். ஆகவேதான் குறுந்துடிப்பு முறைகள் வந்தன. அம்முறைகளில் சில்லின் இயக்க மின்னழுத்தத்தையும் ஆறு வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டும். மலிவான கருவிகள் எல்லாம் இதைச் செய்வதில்லை.

கால்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். கொமடோர் 64 கணினியின் 8 கிலோபைட்டு ரோம் 24 கால்களைக் கொண்டது. அதே கொள்ளளவுடைய 2764க்கோ 28 கால்கள். ஆகவே இடையில் ஒரு மாற்றி வேண்டும். அல்லது 24 கால் உடைய மோட்டோரோலா எம்சிஎம்68764ஐத் தேடிப்பிடிக்க வேண்டும். அதுவும் எழுத 25 வோல்ட் கேட்கும்.

எழுதுவதையே இவ்வளவு பேசினேன். ஆனால் என் கருத்தில் இக்கருவியின் முதற்பணி வாசித்தல். இச்சில்லுகளின் நினைவு பத்தாண்டு நிற்கும் என்பதே அக்காலத்து வழக்கமான கணக்கு. இன்றோ நாற்பதாண்டு கடந்துவிட்டது. மின்னேற்றம் கசியக் கசிய, எழுதப்பட்ட சுழியங்கள் ஒவ்வொன்றாக ஒன்றாக மாறும். எந்திரம் வேறு பழுதின்றி இருந்தாலும் அதன் நிரல் போய்விடும்; ஓராலைக்கென்று எழுதிய நிரலாயின் வேறு படியே இராது. எனவே பழைய எந்திரம் கைக்கு வந்ததும் முதலில் ஈப்ரோமை வாசித்துக் கோப்பாகச் சேமியுங்கள். மூன்று முறை வாசித்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வந்தால் மின்னேற்றம் மங்குகிறது என ஐயுறலாம். சில்லின் கால்களைத் துடைத்து, மின்னழுத்தத்தை ஐந்திலிருந்து சற்றே குறைத்து வாசித்தால் மங்கிய சுழியங்கள் சில வேளைகளில் மீளும். ஒன்று கவனம்: எழுதுகருவி, சில்லின் அடையாள எண்ணைக் கேட்பதற்காக ஒரு முகவரிக் காலில் 12 வோல்ட் செலுத்தும். அவ்வசதி இல்லாத மூத்த சில்லுகளுக்கு அது ஆகாது. மென்பொருளில் அச்சோதனையை நிறுத்திவிட்டு வாசிப்பதே நன்று.

அழித்தல் எளிது. 253.7 நானோமீட்டர் அலைநீளமுடைய விளக்கின்கீழ், ஓர் அங்குல இடைவெளியில், 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். அக்கதிர் கண்ணையும் தோலையும் கெடுக்கும். மூடிய பெட்டிக்குள்ளேயே எரிய வேண்டும். அழிந்த சில்லை வாசித்தால் எல்லாப் பிட்டும் ஒன்றாகவே வரும். நேர்வெயில் ஒரு வாரத்திலும், அறையின் குழல்விளக்கு ஏறக்குறைய மூன்றாண்டிலும் அதே வேலையைச் செய்துவிடக்கூடும் என்று தரவுத்தாள்கள் எச்சரித்தன. எழுதிச் சரிபார்த்தபின், ஒளிபுகா ஒட்டுத்தாளைச் சாளரத்தின்மேல் ஒட்டி, நிரலின் பெயர், எழுதிய நாள், சரிபார்ப்புத் தொகை ஆகிய மூன்றையும் அதன்மேல் எழுதிவிடுங்கள்.