எல்லோராவின் ஐந்தாம் குடைவரையும் தௌலதாபாத் குளமும்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் குடைவரை என்றால் பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் அகழ்வித்ததே நினைவுக்கு வரும். அது பௌத்தக் குடைவரையன்று. எனவே, தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் சட்ட வாசிப்பு வகுப்பின் இளைஞர்கள் எல்லோராவுக்குச் செல்ல விரும்பினர். அவர்களுக்காகவே இக்குறிப்பைத் தொகுத்தோம்.

எல்லோராவில் எண்ணிடப்பட்ட குடைவரைகள் 34. முதல் 12 பௌத்தத்திற்குரியவை, ஏறத்தாழ பொ.ஆ. 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பத்தாவது சைத்தியம், கல்லிலேயே மர உத்திரங்களைப் போல விலா வளைவுகள் செதுக்கப்பட்டிருப்பதால் 'தச்சர் குடிசை' என்பர். பன்னிரண்டாவது மூன்று தளங்கள் கொண்டது.

நாங்கள் அதிக நேரம் நிற்கச் சொல்வது ஐந்தாவதில். நூறடிக்கு மேல் உள்நோக்கி நீளும் மண்டபம், 24 தூண்கள், நடுவே நெடுகத் தாழ்வான இரு கல்மேடைகள். இதன் வழக்குப் பெயர் 'மகார்வாடா', அதாவது மகார் சேரி. மழைக்காலத்தில் மகார் மக்கள் இங்கு ஒதுங்கியதால் வந்த பெயர் என்பர். வழிகாட்டி நூல்கள் இதை ஒரு விநோதச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஊர் வெளியே தள்ளிய மக்களுக்குப் பிக்குகள் விட்டுச்சென்ற கூடம் கூரையாயிற்று என்பதே எங்களுக்கு முதன்மையான செய்தி.

1934இல் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும், சுமார் முப்பது பேர், இக்குடைவரைகளைக் காணப் புறப்பட்டனர். வழியில் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தௌலதாபாத் கோட்டை வாயிலருகே இருந்த சிறு குளத்தில் சிலர் புழுதி போக முகங்கால் கழுவினர். தீண்டத்தகாதோர் குளத்தைத் தீட்டாக்கிவிட்டனர் என்று ஒரு முதியவர் கூச்சலிட, கூட்டம் திரண்டது. தீண்டாதவர் ஒருவர் இசுலாத்தைத் தழுவினால் அப்போதும் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்டார், விடையில்லை. கோட்டைக்குள் எங்கும் நீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் உடன்வர அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதைப் பதிந்துள்ளார்.

அன்று அதைத் தண்டிக்கச் சட்டமில்லை. இன்று அரசமைப்பின் 15(2) உறுப்பு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. பட்டியல் சாதியினரை நீர்நிலையிலிருந்து தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்கீழ் குற்றம். இத்தனைக்குப் பிறகும், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவுரங்காபாத்திலிருந்து செல்லும் சாலையில் தௌலதாபாத் முன்னதாகவே வருகிறது. முதலில் அங்கே இறங்கிக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பின் குடைவரைகளுக்குச் செல்லலாம்.