பின்னங் கூட்டப் பழகிய கதை

பொ.ம.சி. என்ற மூன்றெழுத்தைப் பழைய மாணவிகள் எவரும் மறந்திருக்க மாட்டோம். பகுதியெண்கள் வேறுபட்டால், பொதுமடங்குகளுட் சிறியதைக் கண்டபின்பே தொகுதியெண்களைக் கூட்டலாம். இந்த விதி பாடப்புத்தகத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்னரே எம்மவர் பின்னங் கூட்டினார்கள். கூட்டிய முறைதான் வேறு.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூறை முந்திரி என்றார்கள். நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். மாவையும் காணியையும் கூட்டினால் 16உம் 4உம் இருபது முந்திரி. அதாவது பதினாறில் ஒன்று. அதற்கு அவர்கள் இட்ட பெயரே மாகாணி! கூட்டலை ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். வீசம் என்பதும் அதுவே. எல்லாப் பின்னத்தையும் முந்திரியாக்கினால் பகுதியெண் தேடும் வேலையே இல்லை. 320 எப்போதும் பின்னால் நிற்கும்.

தமிழருக்கு மட்டும் உரிய உபாயமல்ல இது. இன்று மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரமாக இருக்கும் வில்கமுவவும் அடங்கிய பழைய கண்டி இராச்சியத்தில், வயலின் பரப்பை விதைநெல்லின் அளவால் சொன்னார்கள். பத்து லாஹ ஒரு பேல, நான்கு பேல ஒரு அமுண. கால் அமுண வயலோடு மூன்று லாஹ வயலைச் சேர்த்தால் பதின்மூன்று லாஹ. நாற்பதில் பதின்மூன்று என்று எழுதிப் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் இரண்டுக்கும் ஒரே குறை. 320ஐயோ 40ஐயோ மூன்றால் வகுத்தால் மிச்சம் விழும். முந்திரி வரிசையில் மூன்றில் ஒன்றுக்குப் பெயரே கிடையாது. வீட்டில் பிள்ளைகளோ மூவராகவும் இருப்பார்கள் அல்லவா? எந்தப் பகுதியெண் வந்தாலும் அசையாத முறை பொ.ம.சி. தான்.

திண்ணையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை போன்றவை வழி திறந்தன. 1945இல் வந்த இலவசக் கல்வி அதை அகலமாக்கியது. தையல் வகுப்பில் அரைக்கால் அங்குலம் பார்த்ததோடு எமது பின்னம் நின்றுவிடும் என்று நினைத்த பெரியவர்களும் இருந்திருப்பார்கள். காணி உறுதியை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

எமது நாட்டில் பல காணிகள் பிரிபடாத பங்காகவே கைமாறுகின்றன. தந்தை வழியில் மூன்றில் ஒன்று, தாய் வழியில் எட்டில் ஒன்று என்று ஒருத்திக்கு வந்தால், மொத்தம் எவ்வளவு? முன்பு அண்ணனோ நொத்தாரிசோ சொன்னதுதான் கணக்கு. மூன்றுக்கும் எட்டுக்கும் பொ.ம.சி. 24. முதற்பங்கு எட்டு, இரண்டாவது மூன்று, ஆகப் பதினொன்று. 24இல் 11. அரைவாசிக்கு ஒரேயொரு பங்குதான் குறைவு. “உன்னுடையது சின்னப் பங்கு, பிள்ளை” என்று விலைபேச வருபவரிடம் இதைக் கடதாசியில் போட்டுக் காட்டலாம்.