திறந்த அறிவும் மாணாக்கர் பங்கும் – ஒரு வரலாற்று நோக்கு

அறிஞர் ஒருவர் தமது ஆய்வின் முடிபை எழுதி வெளியிடுவது பிறர் அதனைப் படித்துப் பயன்கொள்ளும்பொருட்டேயாம். ஆராய்ச்சிச் சஞ்சிகைகளில் எழுதுவோர் அதற்கென ஊதியம் பெறுவதில்லை. கட்டுரையின் தரத்தை மதிப்பிடும் அறிஞரும் பெரும்பாலும் கைம்மாறு கருதாதே உழைக்கின்றனர். எனினும், இங்ஙனம் இலவசமாக ஈயப்பட்ட எழுத்தைப் படிப்போர் பெருவிலை கொடுக்கவேண்டிய நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதும், அந்நிலையை மாற்ற எழுந்த இயக்கத்திலே மாணாக்கர் பெற்ற இடம் யாது என்பதும் ஆராயத்தக்கன.

1665ஆம் ஆண்டு மார்ச்சில், இலண்டன் வேத்தியற் கழகத்தின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பேர்க் 'பிலொசொபிக்கல் ட்ரான்ஸக்ஷன்ஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு இரு திங்கள் முன்னரே பாரிசிலும் அத்தகைய இதழொன்று தோன்றியிருந்தது. தனிமனிதரிடையே கடிதங்களாக உலவிய அறிவு இவற்றாற் பொதுவுடைமையாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அரசுகள் ஆராய்ச்சிக்குப் பெருநிதி ஒதுக்கின, சஞ்சிகைகள் பெருகின, அவற்றுட் பல வணிகப் பதிப்பாளர் கைப்பட்டன. ஒரு சஞ்சிகையில் வெளியான கட்டுரையைப் பிறிதொரு சஞ்சிகையிற் காணவியலாது. ஆதலின், சந்தா எத்துணை உயரினும் நூலகங்கள் அதனைச் செலுத்த நேர்ந்தது. செலுத்த மாட்டாதபோது சஞ்சிகைகளை நிறுத்தின. நூல் வாங்குவதையுங் குறைத்தன.

இணையத்தின் வருகை இந்நிலையைக் கேள்விக்குள்ளாக்கிற்று. 1991 ஓகஸ்ட்டில் பௌதிகவியலாளர் போல் கின்ஸ்பார்க், ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அலமோசிலே, ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க கணனிக் களஞ்சியமொன்றை நிறுவினார். 2001 திசெம்பரிற் புடாபெஸ்ற் நகரிலே கூடிய அறிஞர் 2002 பெப்ரவரி 14இல் வெளியிட்ட பிரகடனம் இம்முயற்சிகளுக்கெல்லாம் 'திறந்த அணுக்கம்' என்னும் பொதுப் பெயரை நிலைபெறச் செய்தது.

இவ்வியக்கம் நெடுங்காலம் நூலகர்க்கும் ஆய்வாளர்க்கும் உரியதாகவே கருதப்பட்டது. மாணாக்கரை நோக்கி அதனைத் திருப்பிய முயற்சிகளுள் ஒன்று, நூலகங்களின் கூட்டமைப்பாகிய 'ஸ்பார்க்' 2007 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆரம்பித்த 'ஸ்பார்க்கி' விருதுப் போட்டியாகும். தகவலைப் பகிர்வதன் பயனை இரண்டு நிமிடத்திற்கு மேற்படாத வீடியோக் குறும்படத்தில் விளக்குமாறு மாணாக்கர் வேண்டப்பட்டனர். அடுத்த ஆண்டும் அப்போட்டி நடாத்தப்பெற்றது. 2009 இல் 'ஆராய்ச்சிக்கான உரிமை' என்னுங் கோரிக்கையுடன் மாணவர் அமைப்புகளின் கூட்டணியொன்றுந் தோன்றிற்று.

மாணாக்கர் குரலுக்கு ஈண்டுத் தனி மதிப்புண்டு. பேராசிரியர் சஞ்சிகையின் விலையை அறியார். அதனை நூலகமே செலுத்துகின்றது. மாணாக்கனோ, தன் நூலகத்திற் சந்தா இல்லாதவிடத்து, பூட்டிய வாயிலின் முன் நிற்கின்றான். பட்டம் பெற்று வெளியேறும் நாளில், அதுகாறுந் திறந்திருந்த வாயில்களும் அவனுக்கு மூடப்படுகின்றன. மருத்துவராகவும் ஆசிரியராகவும் பணியாற்றப் புகும் வேளையிலேதான் அவனுக்கு அவ்வறிவு மிகத் தேவைப்படுகின்றது.

2007 திசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறிய சட்டத்தின்படி, தேசிய சுகாதார நிறுவகங்களின் நிதியால் விளைந்த கட்டுரைகள், வெளியாகிப் பன்னிரு திங்களுக்குள், பொதுமக்கள் இலவசமாகப் படிக்கத்தக்கனவாயின. 2025 யூலை 1 முதல் அக்காலத் தாமதமும் நீக்கப்பட்டது. குறும்படப் போட்டியே இதனை விளைவித்தது என்பது மிகையாகும். பல்லாண்டு உழைத்த நூலகர், அறிஞர், நோயாளர் சங்கங்கள் ஆகியோர்க்கும் அதிற் பங்குண்டு. அன்றியும், வாசகர் செலுத்திய கட்டணத்தைச் சில சஞ்சிகைகள் இப்போது எழுதுவோரிடம் அறவிடுகின்றன. வறிய நாட்டு ஆய்வாளன், படிக்கும் வாயில் திறக்க, எழுதும் வாயில் அடைபடக் காண்கின்றான். ஆகவே இயக்கத்தின் நோக்கம் முற்றுப்பெற்றதெனல் பொருந்தாது.

ஈழத்தவர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் இலவசமாகப் படிக்க வகைசெய்யும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் 2005 இல் தொடங்கிற்று. பூட்டி வைத்த அறிவு ஒரு தீக்கே இரையாகலாம். பலர் கையிற் பரந்த அறிவு எளிதில் அழிவதில்லை. எனவே, அறிவைத் திறந்துவைத்தல் ஈகையாவதோடு, அதனைக் காக்கும் வழியுமாகும்.