காட்டுப்பன்றியை விவசாயியே சுடலாமா? தூரக் கணக்கு என்ன?

மதுரை திருநகரைத் தாண்டி பேரையூர், உசிலம்பட்டி பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்குத் தெரியும்: ராத்திரி பன்னி இறங்கினா காலையில வெள்ளாமை மிஞ்சாது. காட்டுப்பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த அனுமதி வனத்துறைக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

எல்லாமே தூரக் கணக்கு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால்தான் துப்பாக்கி. சிக்கலே இங்குதான்: காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இந்த உத்தரவால் பெரிய பலன் இல்லை.

பக்கத்து கேரளாவில் கதை வேறு. 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே சுட உத்தரவிடலாம், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடுவார்கள். அமெரிக்காவின் டெக்சாஸிலோ செமி ஆட்டோமேட்டிக் ரைபிளோடு பன்றி வேட்டைக்குப் போவது சாதாரணம். அந்த ரகத் துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி கடும் கட்டுப்பாடு உண்டு. வீடியோவைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவதும் குற்றம். அதில் யானையும் சாகிறது, மனுஷனும் சாகிறான். பன்றி மேய்ந்திருந்தால் போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள். பயிர் இழப்பீட்டுக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.