கோனி ஐலண்ட் சைக்ளோன்

சைக்ளோன், அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளினின் தென்கோடியில் அட்லாண்டிக் கரையோரம் உள்ள கோனி ஐலண்டில் ஓடும் மர ரோலர் கோஸ்டர். வெர்னன் கீனன் வடிவமைக்க, ஹாரி பேக்கர் கட்டிமுடித்த இது 1927 ஜூன் 26 அன்று திறக்கப்பட்டது. அன்றைய கட்டணம் 25 சென்ட். லாமார்க்கஸ் தாம்சன் 1884இல் தம்முடைய ஸ்விட்ச்பேக் ரயிலை ஓட்டிக்காட்டியதும் இதே இடத்தில்தான். அமெரிக்க ரோலர் கோஸ்டர் தொழில் அதிலிருந்தே வளர்ந்தது.

உயரம் 85 அடி, ஏறக்குறைய 26 மீட்டர். பாதையின் நீளம் அரை மைல். வேகம் மணிக்கு 60 மைலைத் தொடும். ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நூறு மீட்டரைத் தாண்டிய எஃகுக் கோஸ்டர்கள் வந்துவிட்ட காலத்தில் இவை சிறிய எண்கள்தான். ஆனால் சைக்ளோனின் பெருமை உயரத்தில் இல்லை. அது குறுகிய மனைக்குள் பாதையை மடித்து மடித்து அடுக்கிய விதத்திலும், அந்தப் பாதை மரத்தால் ஆனதிலும் இருக்கிறது.

சட்டகம் முழுதும் மரம் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்கும் கால்கள் எஃகுதான். சக்கரம் ஓடும் பாதையே மரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்து, மேலே தட்டையான எஃகுப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். பாதைக்கு அடியிலும் சக்கரங்கள் பற்றிக்கொள்வதால் பெட்டி எகிறினாலும் கழன்றுபோகாது. கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் வகுத்த இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் இத்தனை செங்குத்தான சரிவுகளைத் துணிந்து கட்ட முடிந்தது. பாரம் ஏறும்போது மரம் சற்று வளைந்து கொடுக்கும், அதிரும், முனகும். எஃகுத் தண்டவாளத்தின் வழுவழுப்பான ஓட்டத்தில் இந்த உயிர்ப்பு கிடையாது.

மூன்று பெட்டிகள், 24 பேர். சங்கிலி தடதடவென்று மெதுவாக மேலே இழுக்கிறது. உச்சிக்கு நெருங்கும்போது கடற்கரையும் மரநடைபாதையும் நீலக்கடலும் விரிகின்றன. ஆற அமரப் பார்க்க நேரமில்லை. முதல் சரிவு ஏறக்குறைய 60 பாகைச் சாய்வு. முன்வரிசையில் இருப்பவர் விளிம்பைத் தாண்டியும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறார், ஏனென்றால் பின்பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசி வரிசைக்கு அந்த அவகாசம் கிடையாது. முன்பெட்டிகள் ஏற்கெனவே பாய்ந்துவிட்டதால் அது வேகத்தோடு உச்சியைக் கடக்கிறது; உடல் இருக்கையை விட்டு எழும்பித் தொடை தடுப்புக் கம்பியில் முட்டுகிறது, வயிறு உள்வாங்குகிறது. இதை உண்மையாக அறிய விரும்புவோர் பின்வரிசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சங்கிலி விட்டபின் எந்த எந்திரமும் இழுப்பதில்லை, எல்லாம் புவியீர்ப்பின் வேலை. ஆறு திருப்பங்களில் ஒவ்வொன்றும் பயணியைப் பக்கத்திலிருப்பவர்மீது தள்ளுகிறது. மேலே குறுக்காகச் செல்லும் விட்டங்கள் தலையை நோக்கி வருவதுபோலத் தோன்றுவதால், போதிய இடைவெளி இருப்பது தெரிந்தவர்களும் குனிகிறார்கள். நிலையத்தில் வண்டியை நிறுத்துவது ஒரு பணியாளர் கையால் இழுக்கும் பிரேக் நெம்புகோல்.

இதன் காலத்துப் போட்டிக் கோஸ்டர்களில் டொர்னாடோ 1977இல் தீயில் அழிந்தது. தண்டர்போல்ட் 2000இல் இடிக்கப்பட்டது. சைக்ளோனும் தப்பியது அரும்பாடுபட்டுத்தான். நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தபின், அருகிலுள்ள மீன்காட்சியகத்தை விரிவாக்க இதை அகற்றும் திட்டம் இருந்தது. மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆஸ்ட்ரோலாந்து பூங்கா குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்த்து 1975இல் மீண்டும் ஓட்டியது. 1988இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1991இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. 2011 முதல் லூனா பார்க் நிர்வகிக்கிறது. குளிர்காலத்தில் ஓட்டம் இல்லை; தேய்ந்த பலகைகளை மாற்றிப் பாதையைச் செப்பனிடும் பருவம் அது. வசந்தத்தில், வழக்கமாகக் குருத்து ஞாயிறை ஒட்டி, மறுபடி திறக்கிறார்கள்.